காலும் காலும் அரையும்

ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்பு நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், அந்நூலின் பொதுப்பாயிரத்தில், புலமை ஒருவனிடத்தில் எவ்வாறு நிரம்புகிறது என்பதை வீட்டுக் கணக்கு எழுதுகிறவரைப் போலக் கூறு கூறாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எத்தனை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயிலும் தோழர்களோடு கூடி ஆராய்வதனால் மற்றொரு கால் பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் கைகூடும். இந்தக் கணக்கை இளமையில் நெட்டுருப் போட்டவர் பலர். பள்ளிக்கூடத்து விதிகளுள் ஒன்றென்று எண்ணி மறந்துவிட்டவரும் பலர். ஆனால் செய்யுள் இயற்றுவது தமிழ்நாட்டில் ஒரு ஜீவனத் தொழிலாக இருந்த காலத்தின் சரித்திரத்தைச் சற்றே துருவிப் பார்ப்போமானால், அந்தத் தொழிலின் முழு அமைப்பும் இந்தக் கணக்கின்மேலேயே எழுந்து நின்றது என்பது புலப்படும். எழுத்தை வாழ்க்கையாகக் கொள்ள விரும்பும் இளைஞர்கள், தனியறை ஒன்றும் கலைக்கப்படாத தனிமையும் கிடைத்துவிட்டால் மற்றவை தாமே வரும் என்று நம்புவதைக் காணும்போதெல்லாம், எனக்கு அந்தப் பழைய கணக்கே நினைவுக்கு வருகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காவிரிக் கரையிலே ஒரு தமிழ் வித்துவானுடைய வாழ்க்கை எத்தகையது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஓர் ஊரின் கோயிலுக்குத் தலபுராணம் வேண்டுமென்று அவ்வூர்ச் செல்வர்களோ கோயிலதிகாரிகளோ விரும்பினால், அவர்கள் புலவரை வேண்டிக்கொள்வார்கள். வடமொழியில் உள்ள மான்மியத்தைப் பிறர் சொல்லக் கேட்டும், அவ்வூரின் தீர்த்தங்களையும் விருட்சங்களையும் வீதிகளையும் நேரிற் பார்த்தும், அவர் ஆயிரக்கணக்கான விருத்தங்களால் காப்பியம் ஒன்றை அமைத்துக் கொடுப்பார். பிரபுக்களின்மேல் கோவையும் உலாவும், தெய்வங்களின்மேல் பிள்ளைத்தமிழும் அந்தாதியும் கலம்பகமும் பாடுவது அந்தத் தொழிலின் ஏனைய கிளைகள். கைக்கு வரும் ஊதியம் சால்வையாகவும் வரும், ரொக்கமாகவும் வரும், சில சமயம் வெறும் புகழுரையாகவும் வரும். மடங்களே இந்த வாழ்க்கைக்குப் பெருந்துணையாக இருந்தன. திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் முதலிய இடங்களில் சுவடிகளும் இருந்தன. அவற்றை அறிந்தவர்களும் இருந்தார்கள். படிக்க வந்தவர்களுக்கு உணவும் இருந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுகம் பிள்ளை நாவலர் என்னும் பட்டத்தை 1849-இல் பெற்றது திருவாவடுதுறை ஆதீனத்திலேதான் என்பதிலிருந்தே அவ்விடத்தின் பெருமை கடல் கடந்தும் எட்டியிருந்தது விளங்கும்.

அந்த மடத்தின் மகாவித்துவானாக விளங்கியவர் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ஆம் தேதி பிறந்த அவர், முதலில் தம் தந்தையார் சிதம்பரம் பிள்ளையிடமே கற்றார். இளம்பிராயத்திலேயே தந்தையை இழந்தபின், எவரிடத்தில் எந்த நூல் இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் அவரிடம் சென்று அதைக் கற்றுக்கொள்வதையே விரதமாகக் கொண்டார். திரிசிரபுரத்தில் வீடுதோறும் பிச்சையெடுத்து வாழ்ந்த பரதேசி ஒருவருக்குத் தண்டியலங்காரம் தெரியும் என்று அறிந்தபோது, அவர் தெருத்தெருவாகச் செல்லுகையில் தாமும் உடன் திரிந்து, அவர் மனம் இரங்கிய நேரங்களில் அந்த அணியிலக்கணத்தைக் கேட்டுக்கொண்டார் என்பது அவருடைய வரலாற்றில் வரும் செய்தி. பின்னாளில் பெரிய மடாதிபதிகளின் சந்நிதானத்தில் முதல் வரிசையில் அமர்ந்த ஒருவர், உவமையின் வகைகளையும் உருவகத்தின் இலக்கணத்தையும் கற்றது பிச்சைப் பாத்திரத்தின் பின்னே நடந்துகொண்டுதான். ஆசிரியரிடமிருந்து வரும் அந்தக் கால் பங்கைத் தேடிப் பெறுவதற்கே ஒருவர் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அந்தக் காலத்தில் கற்பது கேள்வியையே பெரிதும் நம்பியிருந்ததற்குத் தகுந்த காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் வீட்டுப் பரணிலிருந்து எடுத்த பழைய சுவடி ஒன்றை என் கையில் வைத்துப் படிக்க முயன்றேன். ஏடு ஒரு முழ நீளம் இருக்கும். அகலமோ இரண்டு விரற்கடைக்கு மேல் இல்லை. நடுவே துளையிட்டுக் கயிறு கோத்திருந்தது. எழுத்தாணியின் கீறலில் தடவியிருந்த கரிமை பாதி உதிர்ந்துபோய், விளக்கின் அருகே சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து என ஒன்று இருப்பதே தெரிந்தது. படிக்கத் தொடங்கியபோதுதான் உண்மையான சங்கடம் எதிர்ப்பட்டது. புள்ளியிட்டால் ஓலை கிழியும் ஆதலால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேற்றுமை இல்லை. காலும் ரகரமும் ஒரே கோடு. சொல்லுக்குச் சொல் இடமும் இல்லை. அடிக்கு அடி பிரிவும் இல்லை. ஒரு செய்யுள் முழுவதும் இடைவிடாத ஒரே எழுத்தோட்டமாகக் கிடந்தது. அரை மணி நேரம் விழித்துக்கொண்டிருந்த பிறகு, தற்செயலாக எதுகை ஒன்று காதில் பட்டது, அதைப் பிடித்துக்கொண்டு அடியை அளந்தேன், சீர் பிரிந்தது, சீர் பிரிந்தவுடன் சொல் பிரிந்தது, சொல் பிரிந்தவுடன், அதுவரையில் குருட்டுக் கோடுகளாக இருந்தவை பொருளைக் காட்டின.

யாப்பு என்பது பாட்டுக்கு அணிவிக்கும் நகை என்று நினைத்திருந்த எனக்கு, அது படிக்கிறவன் கையில் இருக்க வேண்டிய திறவுகோல் என்பது அன்றுதான் விளங்கியது. ஓசையை அறியாதவனுக்கு ஓலை பேசாது. ஆகவே மாணாக்கன் ஏட்டைத் தொடுமுன் அவனுடைய செவியைப் பண்படுத்த வேண்டியிருந்தது. நிகண்டைப் பாடம் செய்வதும், அந்தாதிகளையும் கலம்பகங்களையும் நாள்தோறும் ஒப்பிப்பதும், யாப்பருங்கலக் காரிகையைக் கேட்பதும் இதற்காகவே. செவி ஓரளவு பழகியபின் ஆசிரியர் ஓர் ஈற்றடியைக் கொடுத்து அதற்கு முன்னுள்ள அடிகளைப் பூர்த்தி செய்யச் சொல்லுவார். முடிவு தெரிந்திருக்கிறது, அந்த முடிவுக்கு இயல்பாக வந்து சேரும் வழியை மாணாக்கன் கண்டுபிடிக்க வேண்டும். எங்கே வந்து நிற்கப்போகிறோம் என்பதை மனத்திற்கொண்டு முதலடியை எடுக்கும் இந்தப் பழக்கத்தைக் காட்டிலும் சிறந்த அப்பியாசம் இன்று சிறுகதை எழுதுகிறவருக்கும் இருக்க முடியாது என்பது என் கருத்து.

இத்தகைய குருகுலத்திற்கு 1871-ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் தம் தந்தையாரோடு வந்து சேர்ந்தார். உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855-இல் பிறந்த வேங்கடராமனுக்கு அப்போது 17-ஆம் பிராயம் நடந்துகொண்டிருந்தது. அரியலூர்ச் சடகோபையங்காரிடத்தும் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடத்தும் தம்மால் இயன்ற அளவு கற்றுவிட்டு, அதற்கு மேலும் அடங்காத தாகத்தோடு மாயூரத்தில் இருந்த பிள்ளையவர்களை நாடி வந்தவர் அவர். படிக்க வருகிறவர்கள் பலர் சிறிது காலத்திலேயே போய்விடுகிறார்கள் என்பது ஆசிரியருடைய அநுபவம். ஆகையால் அவர் சற்றே தயங்கினார். நைடதத்திலிருந்து ஒரு பாட்டைச் சொல்லச் செய்து பொருளும் கேட்டார். பின்பு ஏற்றுக்கொண்டு, வேங்கடராமன் என்ற பெயரைச் சாமிநாதன் என்று மாற்றினார். எனினும் தொடக்கத்தில் பாடம் சொல்லும் பொறுப்பு, மூத்த மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளையிடமே விடப்பட்டது. ஆசிரியரின் வாயாலேயே கேட்க வேண்டும் என்று ஏங்கி வந்த இளைஞருக்கு இது எவ்வளவு மனத்தாங்கலாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்த மனத்தாங்கல் தீர்ந்த விதம் எழுத்துத் தொழிலை விரும்பும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்கத் தக்கது. பிள்ளையவர்கள் தம் வீட்டின் பின்புறத்தில் தோட்டம் போட விரும்பி, வளர்ந்த செடிகளையும் மரங்களையும் வேரோடு வருவித்து நடச் செய்திருந்தார். அவை பிழைத்துத் தளிர்க்கின்றனவா என்று ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் சென்று கிளை கிளையாகப் பார்ப்பது அவருக்கு வழக்கம். இதைக் கவனித்த சாமிநாதர், ஆசிரியர் எழுவதற்கு முன்பே தாம் எழுந்து தோட்டத்திற்குப் போய், எந்தச் செடியில் எந்தக் கணுவில் புதிதாகத் தளிர் விட்டிருக்கிறது என்று இருள் பிரியாத வேளையிலேயே தேடிக் குறித்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்தவுடன் அவற்றைக் காட்டலானார். முதல்நாள் ஒன்றிரண்டு; மறுநாள் இன்னும் சில. ஆசிரியருடைய முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியே நெருக்கமாயிற்று. அந்த நெருக்கத்திலிருந்து நேர்ப் பாடம் கிடைத்தது. பிற்காலத்தில் தம் சரித்திரத்தை எழுதியபோது அவர் இந்தத் தளிர் ஆராய்ச்சியை மிகுந்த பிரியத்தோடு நினைவு கூர்ந்திருக்கிறார். ஆசிரியரை மகிழ்விக்கச் செய்த உபாயம் என்றுதான் அவர் அதைச் சொல்லுகிறார். ஆயினும், பட்டுப்போன கட்டைபோலத் தோன்றும் கிளையில் ஊசிமுனையளவு பச்சையைக் கண்டுபிடிக்கப் பழகிய அந்தக் கண்தான், பின்னொரு காலத்தில் செல்லரித்த ஏடுகளில் பாதி அழிந்த சொல்லைக் கண்டுபிடிக்கப் போகும் கண் என்பதை நாம் மறந்துவிட இயலாது.

ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றை விட வேண்டிய நெருக்கடியும் அங்கே அவருக்கு நேர்ந்தது. சாமிநாதரின் தந்தையார் கனம் கிருஷ்ணையரிடத்தில் பயின்ற சங்கீத வித்துவான். வீடு முழுவதும் இசையிலே ஊறியது. மாயூரத்தில் அப்போது நந்தனார் சரித்திரத்தைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் வசித்துவந்தார். அவரிடம் சாமிநாதர் ஓய்வு நேரங்களில் இசை கற்றுவந்த செய்தி பிள்ளையவர்களுக்குத் தெரிந்தபோது அவருக்கு அது உவப்பாக இல்லை; இசையில் மனம் படிந்தால் இலக்கண இலக்கியங்களில் கருத்துக் குறையும் என்பது அவர் எண்ணம். இளைஞர் அந்தப் பாடத்தை நிறுத்திக்கொண்டார். இது சரிதானா என்று இன்று நாம் விவாதிக்கலாம். இசையறிவும் தமிழறிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று நானும் சொல்வேன். ஆனால், ஒரு வித்தையில் தேர்ச்சி பெறுவதற்குத் தனக்கு மிகவும் இனியதாக உள்ள மற்றொன்றைக் காணிக்கையாக வைக்க வேண்டி வரும் என்ற உண்மை, அந்த விவாதத்தால் பொய்யாகிவிடாது.

இனி இரண்டாவது கால் பங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் குருகுலத்தில் உடன் பயின்றவர்கள் யார் யார் என்று பார்த்தாலே ஆச்சரியம் உண்டாகிறது. சைவ மடத்தின் மகாவித்துவானிடம் கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளை அணுக்கத் தொண்டராக இருந்தார். நாகூரைச் சேர்ந்த முஸ்லிம் புலவராகிய குலாம் காதிறு நாவலர் அவரிடம் கற்றவர். கும்பகோணம் கல்லூரியில் புகழோடு விளங்கிய தியாகராச செட்டியார் அவருடைய மாணாக்கர்களுள் தலைசிறந்தவர். திருவாவடுதுறையில் குமாரசாமித் தம்பிரான் முதலிய துறவிகளும் சாமிநாதரோடு ஒன்றாக அமர்ந்து நாகைக்காரோணப் புராணம் கேட்டார்கள். காலையில் கேட்ட பாடத்தை மாலையில் ஒருவர் படிக்க மற்றொருவர் பொருள் சொல்லுவதும், அவர் விட்டதை இவர் எடுத்துக்கொடுப்பதும், ஐயம் வந்தால் இருவரும் வழக்காடி முடிவில் ஆசிரியரிடம் போய் நிற்பதும் அங்கே நித்திய நிகழ்ச்சிகள். தன் பாட்டில் உள்ள பிழை தன் கண்ணுக்குத் தெரியாது; தோழன் காதுக்கு உடனே தெரிந்துவிடும். எதுகைக்காக இட்ட வெற்றுச் சொல்லை ஆசிரியர் பொறுத்தாலும் பொறுப்பார், பக்கத்தில் இருக்கும் தோழன் பொறுக்கமாட்டான்.

மூன்றாவது பங்கைச் சம்பாதிக்கும் வழியாக அமைந்தது அரங்கேற்றம். அதற்கு முன், நூல் உருவாகும் காட்சியை ஒரு கணம் அருகில் நின்று பார்ப்போம். பிள்ளையவர்கள் அமர்ந்து, காப்பியப் பகுதியின் அமைப்பை மனத்துக்குள்ளேயே வகுத்துக்கொண்டு, செய்யுளை வாயாற் சொல்லிவருவார். எதிரே மாணாக்கர் ஏட்டை இடக்கையில் ஏந்தி, கட்டைவிரல் நகத்தின் வெட்டிலே எழுத்தாணியைச் சாய்த்து, அதை நகர்த்தாமல் ஏட்டையே மெல்ல இடப்புறமாக நகர்த்தி எழுதிச் செல்வார். ஓலையில் ஒரு முறை கீறியதைத் துடைத்துவிட்டு மறுபடியும் எழுத வழியில்லை. ஆகவே திருத்தங்கள் யாவும் சொல் வாயை விட்டு வெளிவருவதற்கு முன்பே மனத்திலேயே நடந்து முடிந்திருக்க வேண்டும். அவருடைய வாக்கு வரும் வேகத்திற்கு எழுதுகிறவருடைய கை ஈடுகொடுப்பது அரிதாக இருந்தது. திருப்பெருந்துறைப் புராணம் இவ்வாறு எழுந்தபோது எழுத்தாணி பிடித்தவர் சாமிநாதரே. ஆயிரம் பாட்டைக் கேட்டுக் கற்பது வேறு. ஒரு பாட்டு இன்னும் பாட்டாகாத நிலையில், ஆசிரியர் நாவில் அது உருத்திரளும் அந்தச் சிறு மௌனத்தைக் கவனித்துக்கொண்டு இருப்பது வேறு. அந்த மௌனத்திற்கு எதிரில் எழுத்தாணியோடு காத்திருந்த நாட்களே அவருக்கு மிகப் பெரிய பாடமாக இருந்திருக்க வேண்டும்.

நூல் முடிந்தால், சில சமயம் முடிவதற்கு முன்பே கூட, நல்ல நாள் பார்த்து அந்தத் தலத்தின் மண்டபத்தில் சபை கூட்டுவார்கள். இசைப் பயிற்சியுள்ள மாணாக்கர் ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார். நூலாசிரியர் அதற்குப் பொருளும் நயமும் எடுத்துச் சொல்வார். காலையில் இயற்றிய செய்யுட்கள் அன்று பிற்பகலிலேயே சபைக்கு வருவதும் உண்டு. பண்டிதர்களோடு, அவ்வூர் மிராசுதாரும் குருக்களும் வேளாளரும் வியாபாரிகளும் மண்டபம் நிறைய அமர்ந்திருப்பார்கள். ஐயம் உடையவர் எழுந்து தடை நிகழ்த்தலாம். ஆசிரியர் அங்கேயே விடை கூற வேண்டும். தொல்காப்பியத்தை நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேற்றியதாக அதன் பாயிரம் கூறுவது முதல், சேக்கிழார் தில்லையிலும் கச்சியப்பர் காஞ்சிக் குமரகோட்டத்திலும் தம் காப்பியங்களை அரங்கேற்றினார்கள் என்று வழங்கும் வரலாறுகள் ஈறாக, இந்தச் சம்பிரதாயம் தமிழ் இலக்கியத்தோடு ஒட்டியே வந்திருக்கிறது. வாதில் தோற்ற புலவரின் செவியை அறுப்பதற்கு வில்லிபுத்தூரார் துறட்டியோடு இருந்தார் என்ற கதையிலே உண்மை எவ்வளவு இருப்பினும் இருக்கட்டும். சபையை எண்ணிப் புலவர்கள் கொண்டிருந்த அச்சத்தில் உண்மை இருந்தது. அந்த அச்சமே ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை எண்ணிப் பார்க்கச் செய்தது.

இந்த வாழ்க்கையின் குறைகளை மறைத்துப் பேசுவது சரித்திரத்திற்கு நியாயமாகாது. பெண்களுக்கு அதில் இடமில்லை. உயர்ந்த சாதியினர் அல்லாதார் பலருக்கும் அதன் வாயிற்படி தூரமாகவே இருந்தது. வறுமையோ அங்கே நிரந்தர விருந்தாளி. எண்பதுக்கு மேற்பட்ட நூல்களைச் செய்த மகாவித்துவான் வாழ்நாள் முழுவதும் கடனோடு போராடினார். தம்மை நாடி வந்த ஏழை மாணாக்கர்களுக்குச் சோறும் போட்டுப் பாடமும் சொன்னவர் அவர். இவற்றோடு கலையைப் பற்றிய குறையும் ஒன்று உண்டு. ஒரே எழுத்துத் தொடர் அடிதோறும் வேறு வேறு பொருளில் வரும் யமகத்திலும், முதலெழுத்து மட்டும் மாறி வரும் திரிபிலும் புலவர்களுடைய அறிவின் பெரும்பகுதி செலவாகிக்கொண்டிருந்தது. அந்த வித்தையில் சிகரத்தைத் தொட்டவர்களுக்கே சிலப்பதிகாரமும் மணிமேகலையும் எட்டாத பொருளாயிருந்தன.

1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி பிள்ளையவர்கள் காலமானார். சவேரிநாத பிள்ளையின் மார்பில் சாய்ந்தவண்ணம், சாமிநாதர் திருவாசகம் படிக்கக் கேட்டுக்கொண்டே அவர் உயிர் பிரிந்தது. நான்காண்டுகள் கழித்து, தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது தம் இடத்தைச் சாமிநாதையருக்கு வாங்கிக் கொடுக்க, அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அதே 1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் தேதி, அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, தாம் கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் ஒவ்வொன்றாக அடுக்கினார் ஐயர். முதலியாருடைய முகத்தில் வியப்பு ஒன்றும் தோன்றவில்லை. அவற்றிற்கெல்லாம் மூலமாகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்பதே அவர் மறுமொழி. இருபத்தைந்து பிராயத்தில், கல்லூரி ஆசனத்தில் அமர்ந்தபின், தான் கற்றது கடற்கரை மணல் என்று ஒருவனுக்குத் தெரியவருமானால், அவன் அந்த வினாவைப் பகைக்கலாம். அல்லது அந்த வினாவுக்குத் தன்னைக் கொடுத்துவிடலாம். ஐயர் இரண்டாவதைச் செய்தார்.

அவர் அதைச் செய்த முறைதான் பவணந்தியாரின் கணக்கை முற்றும் மெய்ப்பிக்கிறது. சிந்தாமணியைக் கற்பிக்க ஆசிரியர் எவரும் இல்லை. ஆகவே அவர் அதைத் தாமே முதலியாருக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். இன்று இவ்வளவு பாட்டைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் வந்தவுடன், முன்பு கண்ணை ஓட்டிச் சென்ற இடங்களெல்லாம் தடுத்து நிறுத்தின. நச்சினார்க்கினியர் உரையில் பெயர் குறிக்காமல் வரும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடினார். சைன சமயக் கருத்துக்கள் விளங்காதபோது, தாம் சைவராயிருந்தும், கும்பகோணத்தில் வாழ்ந்த சைனப் பெரியோர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டுத் தெளிந்தார். பிறர்க்கு உரைப்பதற்காகத் தாம் மீண்டும் மாணாக்கரான அந்த உழைப்பின் பயனாக 1887-இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. அதன்பின் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழ் மக்களின் கைக்கு வந்தன. அரைப் பங்கு என்று பவணந்தியார் சொன்னது மிகையன்று. ஐயருடைய திறத்தில் அது அரையினும் பெரிது.

இதற்கிடையே தொழிலின் உருவமே மாறிவிட்டது. பிள்ளையவர்களுடைய நெருங்கிய நண்பரும், குளத்தூர்க் கோவைக்குப் பாட்டுடைத் தலைவருமாகிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்கக் கருதிப் பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்டார். தமிழின் முதல் நாவல், யமக அந்தாதியின் கோட்டையாகிய அதே மாயூரத்து வீதிகளிலே பிறந்தது என்பது நினைக்கத் தக்கது. அச்சு வந்தபின் எழுத்துக்குப் புள்ளி வந்தது. சொல்லுக்கு இடைவெளி வந்தது. வாசகன் தன் வீட்டு மூலையில் தனியே வாய் திறவாமல் படிக்கத் தொடங்கினான். மண்டபம் வெறிச்சென்று ஆயிற்று. எழுத்தாளன் தன் சபையை இழந்தான். சபை எதிரே இல்லாதபோது, உடனிருந்து திருத்தும் தோழர்களையும் மெல்ல மெல்ல இழந்தான்.

இழந்ததை அவன் பத்திரிகைகளிலே தேடிக்கொண்டான். 1933-இல் தொடங்கிய மணிக்கொடி, 1935 முதல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பிலே சிறுகதைக்கென்று நடந்தபோது, புதுமைப்பித்தனும் கு. ப. ராஜகோபாலனும் ந. பிச்சமூர்த்தியும் சி. சு. செல்லப்பாவும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கும் ஒரு கூட்டமாக அமைந்தார்கள். மடத்துச் சோறும் அங்கே இல்லை, சால்வையும் இல்லை, வறுமை மட்டும் பழையபடியே இருந்தது. ஆயினும் உடன் பயில்வோரால் வரும் கால் பங்கு அங்கே நிறையக் கிடைத்தது. மௌனிக்கு அந்தப் புனைபெயரை இட்டவரும், அவர் கதைகள் சிலவற்றுக்குத் தலைப்பு வைத்தவரும் ராமையாதான். தம் கதைகளைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்து, வாழ்நாள் முழுவதிலும் ஏறத்தாழ 24 கதைகளை மட்டுமே விட்டுச் சென்ற மௌனியைப் போன்ற ஒருவருக்கும், கையெழுத்துப் பிரதியை வாங்கிப் படித்து, இது கதை என்று சொல்ல ஒரு தோழர் வேண்டியிருந்தது.

பழைய குருகுலத்தின் கிளை ஒன்று நேராகவே இந்தப் பத்திரிகை உலகத்திற்குள் வந்து சேர்ந்தது. சாமிநாதையரின் முதுமையில் அவரிடம் மாணாக்கராகச் சேர்ந்தவர் கி. வா. ஜகந்நாதன். அவரே 1932-இல் தோன்றிய கலைமகளின் ஆசிரியராகவும் விளங்கினார். புதுமைப்பித்தனுடைய சாப விமோசனமும் கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் 1943-இல் வெளிவந்தது அந்தக் கலைமகளில்தான். பிச்சையெடுத்த பரதேசியிடம் தண்டியலங்காரம் கேட்டவரின் மாணாக்கருக்கு மாணாக்கர், அகலிகையின் கதையை அடியோடு புதிதாகச் சொன்ன ஓர் எழுத்தாளருக்கு இடம் கொடுத்தார் என்று எண்ணும்போது, பழைமையும் புதுமையும் நாம் நினைக்கும் அளவுக்குத் தொலைவில் இல்லை என்று மனம் நிறைகிறது.

1940-ஆம் ஆண்டில் ஆனந்த விகடன் ஐயரவர்களுடைய சரித்திரத்தைத் தொடராக வெளியிடலாயிற்று. அப்போது அவருக்கு 85 பிராயம். யமகத்திலும் திரிபிலும் ஊறிய குருகுலத்தில் வளர்ந்தவர், வாரந்தோறும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் படிக்கும்படி, நாடாவால் கட்டிய பழங்கணக்கை அவிழ்ப்பதுபோலத் தெளிவான வசனத்தில் தம் வாழ்க்கையை விரித்தார். 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ஆம் தேதி அவர் மறையும் வரையில் அது முடியவில்லை. அந்த நூலைப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: தம் ஆசிரியரைப் பற்றிய அத்தியாயங்களிலேதான் அவருடைய நடை மிகவும் உயிர் பெறுகிறது. 1930-களில் அந்த ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதி வெளியிட்ட பிறகும் ஆசை தீராமல், மீண்டும் அந்த மாயூரத்து வீட்டுக்கே போய் நிற்கிறார்.

எழுத்தை வாழ்க்கையாகக் கொள்ள எண்ணுகிறவர்கள் அந்த வீட்டுக்கு ஒரு முறை போய்வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். மடங்களையும் ஓலையையும் மீட்டுக் கொண்டுவா என்று கேட்பது பேதைமை. ஆனால் கற்றுக்கொடுக்க ஒருவரைத் தேடி நடக்கும் பணிவு, எழுதியதைக் கடுமையாகக் கேட்கும் இரண்டு தோழர்கள், தெரிந்ததை மற்றொருவருக்கு வாய்விட்டு எடுத்துச் சொல்லும் கடமை ஆகிய மூன்றுக்கும் இன்றைக்கும் வேறு பதில் இல்லை. நான் எழுதிய எதையும் அச்சுக்கு அனுப்புமுன் ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவதை நெடுநாளைய வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். தடுமாறும் இடம் எதுவென்று அவர் சொல்லுமுன்பே என் நாக்கு சொல்லிவிடுகிறது. இந்தக் கட்டுரையையும் அப்படியே படித்தேன். தளிர் தேடிய பகுதி வந்தபோது கேட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தச் சொல்லி, அந்த இளைஞர் முதல்நாள் எத்தனை தளிர் கண்டார் என்று கேட்டார். ஒன்றிரண்டுதான் என்றேன். அவருக்கு அது போதுமாயிருந்தது. இருள் பிரியாத தோட்டத்தில் குனிந்து நின்ற அந்தப் பிள்ளைக்கும் அன்று அது போதுமாயிருந்தது.